நன்றி யாருக்கு, கடன் யாருக்கு?

1620ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், ஒன்றையொன்று அறியாத இரண்டு கடற்கரைகளில் இரண்டு உடன்படிக்கைகள் எழுதப்பட்டன. ஒன்று வட அமெரிக்கக் கரையோரம் நங்கூரமிட்டு நின்ற மேஃபிளவர் கப்பலில் எழுதப்பட்டது. கடவுளின் பெயரைச் சொல்லித் தொடங்கிய அந்தப் பத்திரத்தில் 41 ஆண்கள் கையெழுத்திட்டார்கள். கப்பலில் பெண்கள் இருந்தார்கள். பத்திரத்தில் ஒரு பெண்ணின் கையெழுத்தும் இல்லை. மற்றொன்று நம் சோழமண்டலக் கரைக்காக எழுதப்பட்டது. டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியன் அனுப்பிய ஓவ் கெட்டி என்ற இளைஞர் தஞ்சை இரகுநாத நாயக்கரிடமிருந்து தரங்கம்பாடியைப் பெற்றார். மிளகும் துணியும் வாங்கிப் போக ஒரு துறைமுகம், அதைக் காக்க ஒரு கோட்டை. அங்கே கையெழுத்திட்டவர்களும் ஆண்கள்தான்.

அமெரிக்கக் குடியேற்றம் பிளிமத் என்ற பெயரில் பின்னாளில் ஒரு நாட்டின் புனிதக் கதையாகவே வளர்ந்தது. முதல் குளிர்காலத்தில் வந்தவர்களில் பாதிப் பேர் செத்துப்போனார்கள். பிழைத்தவர்கள் அடுத்த ஆண்டு அறுவடை முடிந்ததும் விருந்து வைத்தார்கள். அந்த விருந்துதான் இன்று அமெரிக்காவில் நவம்பர் மாதத்து நன்றி நாள். வந்தவர்கள் குடியேறிய நிலம் பட்டுக்செட் என்ற பூர்வகுடிக் கிராமம். சில ஆண்டுகளுக்கு முன் வந்த கொள்ளைநோயில் அந்தக் கிராமமே அழிந்து கிடந்தது. தங்களுக்காகக் கடவுள் நிலத்தைக் காலிசெய்து வைத்தார் என்று நம்பியவர்கள் அந்தக் குடியேற்றக்காரர்களிடையே இருந்தார்கள். அந்த நிலத்துக்குரிய வாம்பனோவாக் மக்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும் 1970 முதல் அதே நன்றி நாளைத் துக்க நாளாக அனுசரிக்கிறார்கள்.

ஒரே நாளில் ஒரு வீட்டில் நன்றி சொல்கிறார்கள், இன்னொரு வீட்டில் ஒப்பாரி வைக்கிறார்கள். இதில் எந்த வீட்டுப் பக்கம் நிற்பது என்று முடிவெடுப்பது எளிது. ஒரே பெண்ணின் நெஞ்சில் இரண்டும் இருந்தால் என்ன செய்வது? தரங்கம்பாடியைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் வருகிறது.

கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு தரங்கம்பாடியைப் பற்றி ஏன் யோசிக்க வேண்டும் என்று கேட்கலாம். நான் தமிழ் கற்பிக்கிறவள். தமிழ் இலக்கிய வரலாற்றுப் பாடத்தில் ‘ஐரோப்பியர் தமிழ்த்தொண்டு’ என்றொரு அலகு உண்டு. அதில் தரங்கம்பாடி தவறாமல் வரும். 1706 ஜூலை 9ஆம் தேதி பர்த்தலோமேயு சீகன்பால்க், ஹென்ரிக் புளுட்சௌ என்ற இரண்டு ஜெர்மானிய இளைஞர்கள் டென்மார்க் அரசரின் ஆணையோடு அங்கே வந்து இறங்கினார்கள். சீகன்பால்க் தமிழ் படித்தார். உலகநீதி, கொன்றைவேந்தன், நீதிவெண்பா ஆகியவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். 1712இல் அச்சகம் வந்தது. சில ஆண்டுகளில் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி வெளிவந்தது. பக்கத்துப் பொறையாற்றில் காகிதப் பட்டறை அமைந்தது. பெண் குழந்தைகளுக்கென்று 1707லேயே பள்ளிக்கூடம் நடந்தது. மாணவிகள் இதையெல்லாம் குறிப்பெடுத்துக்கொள்வார்கள். தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வியாக எழுதுவார்கள். அதோடு முடிந்துவிடும்.

ஒருமுறை அப்படி முடியவில்லை. சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவி கேட்டாள்: “ஏனுங் மேடம், அவங்கெல்லாம் வராம இருந்திருந்தா எங்க அம்மாயி மாதிரி நானும் களையெடுக்கத்தானுங்களே போயிருப்பேன்?” அவள் கிறிஸ்தவப் பெண் அல்ல. அவள் அம்மாயிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. முன் பெஞ்சிலிருந்து இன்னொருத்தி சட்டென்று சொன்னாள்: “அவங்க வந்துதானே நம்ம நாட்டையே பிடிச்சாங்க?” இரண்டு பேர் சொன்னதும் உண்மை. வகுப்பு என் முகத்தைப் பார்த்தது. அன்று நான் சொன்ன பதில் மணியடிப்பதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய அளவில்தான் இருந்தது. முழுப் பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில், ‘தோற்றுவித்தல்’ என்ற சொல்லையே சந்தேகிக்க வேண்டும். டேனியர்கள் வந்தபோது தரங்கம்பாடி வெறும் மணல்மேடு அல்ல. கடல் அரித்துக்கொண்டிருக்கும் மாசிலாமணிநாதர் கோயில் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாண்டியர் காலத்தில் எழுந்தது. அங்குள்ள கல்வெட்டு அவ்வூரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் அழைக்கிறது. மீன் பிடித்தவர்கள், உப்புக் காய்ச்சியவர்கள், நெய்தவர்கள், வணிகம் செய்தவர்கள் அங்கே இருந்தார்கள். ஊர் ஏற்கெனவே ஒரு துறைமுகம்தான். ‘தோற்றுவித்தார்’ என்று எழுதும்போது முன்னே இருந்தவர்களை ஒரே வினைச்சொல்லில் அழித்துவிடுகிறோம்.

இந்த அழிப்பை வெள்ளைக்காரர்கள் மட்டும் செய்யவில்லை. நம் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். கோவன் என்ற இருளர் தலைவன் பெயரால்தான் கோவன்புத்தூர் என்று பெயர் வந்தது என்கிறோம். பெயரை ஊருக்கு வைத்துக்கொண்டோம். அவன் மக்கள் இன்று மலையடிவாரத்தில் சாதிச் சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் அலைகிறார்கள். ஊர் தோன்றிய கதையில் பெயர் கிடைப்பதும் ஊரில் இடம் கிடைப்பதும் வேறு வேறு.

இனி கிறிஸ்தவர்கள் இந்தக் குடியேற்றத்தை எப்படிப் பார்த்தார்கள் என்ற கேள்விக்கு வருவோம். ‘கிறிஸ்தவப் பார்வை’ என்று ஒருமையில் சொல்ல முடியாது. டேனியக் கம்பெனியும் கிறிஸ்தவக் கம்பெனிதான். ஆனால் 1620இலிருந்து 1706 வரை, 86 ஆண்டுகள், அந்தக் கோட்டையின் கிறிஸ்தவம் கோட்டைக்காரர்களுக்கானதாகவே இருந்தது. 1701இல் கட்டிய சியோன் ஆலயமும் டேனியர்களின் வழிபாட்டுக்காகத்தான். தமிழரின் ஆத்துமாவைப் பற்றிக் கம்பெனிக்குக் கவலை இல்லை. துணியைப் பற்றித்தான் கவலை. மிஷனரிகள் வந்தபோது அவர்களை இடைஞ்சலாகவே கம்பெனி அதிகாரிகள் பார்த்தார்கள்.

ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்திலிருந்து வந்த மிஷனரிகளுக்கோ குடியேற்றம் என்பது கடவுள் திறந்த வாசல். வணிகனின் பேராசையையும் கடவுள் தம் நோக்கத்துக்குப் பயன்படுத்துவார் என்ற எண்ணம் அன்றைய பக்தியில் ஊறிப்போனது. அவர்களுக்குள்ளேயும் சண்டை இருந்தது. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி சீகன்பால்க் 1713இல் எழுதி அனுப்பிய பெரிய நூலை ஹாலேயில் அச்சிட மறுத்துவிட்டார்கள். புறச்சமயத்தை வேரறுக்கப் போனவர் அதை ஐரோப்பாவில் பரப்பக் கூடாது என்பது அவர்கள் வாதம். அது 1867இல்தான் அச்சேறியது. கோபன்ஹேகனிலிருந்த மிஷன் செயலாளர் வெண்ட் என்பவர், அப்போஸ்தலர்கள் பள்ளிக்கூடமும் கட்டடமும் கட்டிக்கொண்டிருக்கவில்லை, நீங்கள் ஏன் கட்டுகிறீர்கள் என்று கண்டித்தார். ஆத்துமாவுக்கு ஊழியம் செய்கிறவன் உடலை விட்டுவிட முடியாது என்பதே சீகன்பால்கின் நிலை. 1719இல், 36 வயதில் அவர் இறந்தார். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இவ்வளவும் ஆண்கள் ஆண்களோடு நடத்திய விவாதம். இதற்கு நடுவில் ஒரு பெண் வருகிறாள்.

1708ஆம் ஆண்டு. தரங்கம்பாடியில் ஒரு தமிழ் நாவிதர் இறந்துபோகிறார். அவருக்கும் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த கத்தோலிக்கர் ஒருவருக்கும் இடையே இருந்த கடன் வழக்காகிறது. நாவிதரின் மனைவி நியாயம் கேட்டு அலைகிறாள். சீகன்பால்க் அவளுக்காகப் பலமுறை பேசுகிறார். கோட்டைத் தளபதி ஹாசியுஸ் தேவாலயத்துக்கு வரும்போது அங்கே அவர் முன் முழங்காலிட்டுக் கேள் என்று அவளுக்கு யோசனை சொல்கிறார். தளபதிக்குக் கோபம் வருகிறது. சீகன்பால்கை வரச்சொல்லி ஆள் அனுப்புகிறார். எழுத்தில் அழைப்பாணை கொடுங்கள் என்று சீகன்பால்க் கேட்கிறார். கைது செய்யப்படுகிறார். விசாரணையில் பதில் சொல்ல மறுத்ததால் சிறையில் அடைக்கப்படுகிறார். நான்கு மாதங்களுக்கும் மேல் டான்ஸ்போர்க் கோட்டையில் கிடந்து 1709இல் வெளியே வருகிறார்.

மிஷன் வரலாறுகளில் இது சீகன்பால்கின் பாடுகளில் ஒன்றாக வரும். சிறையிலும் அவர் எழுதிக்கொண்டிருந்தார் என்று சொல்வார்கள். உண்மைதான். ஏழைப் பெண் ஒருத்திக்காக அதிகாரத்தோடு மோதிச் சிறைக்குப் போன ஒரு மனிதரை நான் குறைத்துப் பேச மாட்டேன். நம் ஊரில் கந்துவட்டிக்காரன் வீட்டு வாசலில் நின்று கத்தும்போது கதவைச் சாத்திக்கொள்கிற பெரிய மனிதர்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம்!

ஆனாலும் அந்தக் காட்சியில் என் கண் அவளிடம்தான் போகிறது. நான் படித்த நூல்களில் அவள் ‘நாவிதரின் விதவை’. கொங்கு நாட்டில் வளர்ந்த எனக்கு அந்த இரண்டு சொல்லும் போதும். இங்கே நாவிதரைக் குடிமகன் என்பார்கள். கவுண்டர் வீட்டுக் கல்யாணத்தில் மங்கல வாழ்த்துப் பாடுகிறவர் அவர்தான். பேறுகாலம் பார்த்த மருத்துவச்சிகள் பெரும்பாலும் அவர் வீட்டுப் பெண்கள். ஊரில் யார் பிறந்தாலும் தொப்புள்கொடி அறுத்தது அவர்கள் கை. அப்படியிருந்தும் ஊருக்குள் அவர்களுக்கு இருந்த இடம் நமக்குத் தெரியும். அதிலும் கணவனை இழந்தவள் என்றால் இன்னொரு படி கீழே. சீர் செய்யும் அருமைக்காரரும் அருமைக்காரியும் தம்பதியாக வாழ வேண்டும் என்ற வழக்கத்தில், தாலி இழந்தவள் மணவறைப் பக்கம்கூட வர மாட்டாள். கணவன் இருந்தவரை அவன் வாயால் ஊருக்கே வாழ்த்து. அவன் போன மறுநாள் அவள் முகம் சகுனத் தடை.

தரங்கம்பாடி கொங்கு நாடு அல்ல. அங்கத்து வழக்கங்கள் வேறாக இருந்திருக்கலாம். ஆனால் சாதியாலும் தாலி இழப்பாலும் இரண்டு முறை கீழே தள்ளப்பட்ட ஒருத்தி, மூன்றாவதாகக் கம்பெனிக்கு வேண்டிய ஓர் ஆளை எதிர்த்து வழக்காட நின்றாள் என்பது என்னை அசைக்கிறது. ஊர் வழக்கம் அவளுக்கு நியாயம் தரவில்லை. குடியேற்றத்தின் சட்டமும் தரவில்லை. அவளுக்காகப் பேச வந்தவர் காட்டிய வழி முழங்கால்.

இங்கேதான் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அதே தளபதி, அதே ஆண்டு, அதே கிறிஸ்தவம். சீகன்பால்குக்குச் சிக்கல் வந்தபோது அவர் எழுத்தில் ஆணை கேட்டார். கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. டென்மார்க் அரசரின் ஆணை அவர் கையில் இருந்தது. அவளுக்குச் சிக்கல் வந்தபோது அவளிடம் எந்தத் தாளும் இல்லை. அவளைத் தாங்கிப் பேசியவருக்கும் அவளுக்கு ஒரு தாளை எழுதிக் கொடுப்பதைவிட அவளை மண்டியிடச் சொல்வது இயல்பாகத் தோன்றியிருக்கிறது. அவர் கெட்டவர் என்பதால் அல்ல. பெண்ணின் நியாயம் கெஞ்சலாகத்தான் கேட்கப்பட வேண்டும் என்பது அவர் ஊரிலும் நம் ஊரிலும் ஒன்றுபோல ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தது. “கால்ல விழு, பெரியவர் மனசு இரங்குவார்” என்ற அறிவுரையை எந்தப் பஞ்சாயத்தில் கேட்காமல் இருந்திருக்கிறோம்?

விவிலியத்தை அறிந்த தோழிகளுக்கு லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரம் நினைவுக்கு வரும். கடவுளுக்கும் அஞ்சாத, மனிதரையும் மதிக்காத ஒரு நீதிபதி. அவனிடம் ஒரு விதவை திரும்பத் திரும்பப் போகிறாள். அவள் தொல்லை தாங்காமல் கடைசியில் நியாயம் தீர்க்கிறான். இடைவிடாமல் செபிக்க வேண்டும் என்பதற்கான உவமையாக இது சொல்லப்படுகிறது. அந்தக் கதையில் அவள் மண்டியிட்டதாக இல்லை. அவள் கேட்டது இரக்கத்தையும் அல்ல. எதிராளியோடு தனக்குள்ள வழக்கில் நியாயம் கேட்டாள். மிஷனரியின் கையிலிருந்த நூலிலேயே நிமிர்ந்து நின்ற ஒரு விதவை இருந்தாள். தரங்கம்பாடி விதவைக்கு அந்தப் பெண் அறிமுகமாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கிறிஸ்தவம் இந்தக் குடியேற்றத்தின் நியாயமாகவும் இருந்தது. இந்தக் குடியேற்றத்தைக் குற்றம்சாட்டக்கூடிய சாட்சியாகவும் இருந்தது. எந்தக் கிறிஸ்தவம் முன்னால் வந்தது என்பதை அதிகாரம் தீர்மானித்தது. 1707 மே மாதம் தரங்கம்பாடி மிஷனில் முதன்முதலாக ஞானஸ்நானம் பெற்ற ஐந்து பேர் அங்கிருந்த ஐரோப்பியர்களிடம் அடிமைகளாக இருந்தவர்கள். கடவுள் முன் எல்லோரும் சமம் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. ஆனால் ஞானஸ்நானம் அடிமையை விடுதலை செய்யாது என்பது அன்றைய ஐரோப்பியக் குடியேற்றங்களில் பரவலாக ஏற்கப்பட்ட நிலை. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 1667இல் இதைச் சட்டமாகவே எழுதிவைத்தார்கள். எசமானர்கள் அஞ்சாமல் தங்கள் அடிமைகளைத் திருமுழுக்குக்கு அனுப்பலாம் அல்லவா! ஆத்துமாவுக்கு விடுதலை, உடலுக்கு எசமான்.

நம் பங்குக்கு நாம் சாதியைக் கொண்டுபோய் ஆலயத்துக்குள் வைத்தோம். 1718இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயத்தில் சாதிக் கிறிஸ்தவர்களும் ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர்களும் தனித்தனியாக உட்கார்ந்தார்கள். 1733இல் வேளாளரான ஆரோன் போதகராக அபிஷேகம் பெற்றார். தஞ்சைச் சீமையில் நெடுங்காலம் உழைத்த உபதேசியார் இராஜநாயக்கன் பறையர் சமூகத்தவர். அவர் கையால் சாதிக் கிறிஸ்தவர்கள் நற்கருணை வாங்க மாட்டார்கள் என்று மிஷனரிகள் அவரைப் போதகராக்கவில்லை.

இந்த முள் நம் கொங்கு மண்ணிலும் ஒருவரைத் தைத்தது. 1846இல் கருமத்தம்பட்டியில் ஆயராக அபிஷேகம் பெற்ற மரியோன் பிரேசியாக், கோவை மறைமாவட்டத்தின் தொடக்கத் தலைவர். திருச்சபைக்குள் சாதி வழக்கங்களை எந்த அளவுக்கு ஏற்பது என்ற கேள்வியில் அவர் மனச்சாட்சி அமைதியடையவில்லை. சில ஆண்டுகளில் பதவியைத் துறந்து ஐரோப்பா திரும்பினார். பின் ஆப்பிரிக்காவுக்கான மறைபணிச் சபை ஒன்றைத் தொடங்கி, 1859இல் ஃப்ரீடவுனில் நோயில் இறந்தார். தொடக்கத் தலைவர் என்ற பெருமையைவிட, தாம் நின்ற அடித்தளம் சரியில்லை என்று விலகியதை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவரால் கப்பலேறிப் போக முடிந்தது. கருமத்தம்பட்டியில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்ணால் எங்கே போக முடியும்?

அந்த மாணவியின் கேள்விக்குத் திரும்புகிறேன். அவர்கள் வராமல் இருந்திருந்தால்?

இந்தக் கேள்விக்கு நம் பக்கத்தில் ஒரு தயார்ப் பதில் உண்டு: இங்கே ஔவை இருந்தாள், ஆண்டாள் இருந்தாள், தரங்கம்பாடிக்குத் தெற்கே கூப்பிடு தூரத்திலிருக்கும் காரைக்காலில் ஓர் அம்மையார் இருந்தார்; வெள்ளைக்காரன் வந்துதான் நம் பெண்கள் படித்தார்களா? ஒரு கவிஞராக இந்தப் பெயர்கள்மேல் எனக்குள்ள பிரியத்தைச் சொல்லி முடியாது. ஆனால் களையெடுத்த அம்மாயிக்கு இந்தப் பதிலால் ஒரு பயனும் இல்லை. காரைக்கால் அம்மையார் இருந்த நாட்டில்தான் அவள் எழுத்தறியாமல் இருந்தாள். நூறு தலைமுறையாக அவளுக்குப் பலகையைக் கொடுக்காதது டேனியக் கம்பெனி அல்ல.

இன்னொரு தயார்ப் பதிலும் உண்டு: ஆகவே அவர்கள் வந்தது நல்லது. இதையும் என்னால் ஏற்க முடியவில்லை. கப்பலும் அச்சகமும் சேர்ந்து வந்தன என்பதால் அச்சகத்துக்குச் சொல்லும் நன்றி கப்பலுக்கும் போய்ச் சேர வேண்டியதில்லை. 1845இல் டென்மார்க் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றுவிட்டது. ஊரை வாங்கியவர்களும் விற்றவர்களும் அங்கே வாழ்ந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 225 ஆண்டுக் கணக்கு ஒரு கிரயத்தில் முடிந்தது. அந்தக் கணக்குக்கு எதற்கு நம் நன்றி?

தமிழில் நன்றிக்கடன் என்றொரு சொல் வைத்திருக்கிறோம். நன்றியையும் கடனையும் ஒட்டிவைத்த சொல். ஒருவர் நமக்கு நல்லது செய்தால் அவருக்கு நாம் கடன்பட்டவர்கள். பெண்கள் வாழ்வில் இந்தச் சொல் செய்யும் வேலையை நீங்கள் அறிவீர்கள். படிக்க வைத்தோம் என்று சொல்லித்தான் அப்பாக்கள் மகள்களின் வாயை அடைக்கிறார்கள். வேலைக்கு அனுப்புகிறோமே என்று சொல்லித்தான் கணவன்மார்கள் சம்பளத்தை வாங்கிக்கொள்கிறார்கள். கொடுத்தவரைக் கேள்வி கேட்டால் நன்றி கெட்டவள். காலனிய வரலாற்றிலும் இதே சொல்தான் நம்மை வழிமறிக்கிறது: பள்ளிக்கூடம் கொடுத்தார்கள், பிறகு எதற்குக் குறை சொல்கிறாய்?

நான் அந்தச் சொல்லைப் பிரித்துவைக்க விரும்புகிறேன். நன்றி ஒருவருக்கு, கடன் வேறொருவருக்கு என்று இருக்க முடியும். பெண் குழந்தைகளுக்குப் பள்ளி வைத்தவருக்கு நன்றி சொல்லலாம். மனமாரச் சொல்லலாம். ஆனால் நாம் கடன்பட்டிருப்பது நாவிதரின் விதவைக்கு. குடியேற்றத்தில் யார் யார் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்பதைத் தன் வழக்கால் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவள் அவள். அந்த ஐந்து அடிமைகளுக்கும் கடன்பட்டிருக்கிறோம். மிஷன் தன் தொடக்கமாக எண்ணிக்கொண்ட முதல் ஞானஸ்நானம் அவர்களுடையது. இராஜநாயக்கனுக்கும் கடன்பட்டிருக்கிறோம். சபையை வளர்த்தும் சபையில் உயர முடியாமல் போனவர் அவர். கொடுத்தவர்களின் பட்டியலை மட்டும் பாடமாக வைத்திருக்கிறோம். யாரிடமிருந்து எடுக்கப்பட்டது என்ற பட்டியல் நம் பாடத்திட்டத்தில் இல்லை.

இப்படிப் பிரித்துப் பார்ப்பதால் இன்றைக்கு ஒரு பயன் இருக்கிறது. கிறிஸ்தவத் தோழிகளைப் பார்த்து ‘வெள்ளைக்காரன் மதம்’ என்று சொல்லும் குரல்கள் நம் ஊரில் கூடிக்கொண்டு வருகின்றன. குடியேற்றம் செய்த தவறுகளுக்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டுமாம். தரங்கம்பாடியின் கதையை நேராகப் படித்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது. அடிமைகளும் ஒடுக்கப்பட்டவர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும்தான் அந்தச் சபையின் அடித்தளம். அவர்கள் காலனியத்தின் வாரிசுகள் அல்லர். காலனியம் அவர்களுக்குத் தர வேண்டியது இருக்கிறது. நம் சாதிச் சமூகம் தர வேண்டியது அதைவிட அதிகம்.

ஒரு பெண்ணே தொடங்கிவைத்த சபை ஒன்றும் நம் வரலாற்றில் உண்டு. தரங்கம்பாடிக்கு 1750இல் வந்த சுவார்ட்ஸ் ஐயர் 1778இல் பாளையங்கோட்டையில் ஒரு பிராமண விதவைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அவர்தான் குளோரிந்தா. ஆங்கிலேய அதிகாரி ஒருவரோடு மணமின்றி வாழ்ந்தார் என்பதால் முன்பு அவருக்கு ஞானஸ்நானம் மறுக்கப்பட்டிருந்தது. அந்த அதிகாரி இறந்தபின்பே கிடைத்தது. 1785இல் அவர் முயற்சியால் எழுந்த ஆலயம் இன்றும் ‘பாப்பாத்தியம்மாள் கோயில்’ என்று வழங்குகிறது. ஆலயத்துக்கு மக்கள் வைத்த பெயரில் சாதி இருக்கிறது, குளோரிந்தா என்ற பெயர் இல்லை. ஆனாலும் அந்தச் சபையின் 1780ஆம் ஆண்டுப் பதிவேட்டில் 40 பெயர்களில் முதல் பெயர் அவருடையது. மண்டியிட்டுப் பெற முடியாத ஓர் இடம் அது. பதிவேடு என்ற காகிதத்தில் எழுதப்பட்ட இடம்.

பிராமணப் பெண்ணுக்கு அந்த வரி கிடைத்தது, நாவிதர் வீட்டுப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்க வேண்டும். பெண் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எல்லோரும் சமமாக நிற்பதில்லை.

இப்போதெல்லாம் ஐரோப்பியர் தமிழ்த்தொண்டு அலகை நடத்தும்போது சீகன்பால்கின் பணிகளைப் பட்டியலிட்டு முடித்தபின் 1708ஆம் ஆண்டு வழக்கையும் கரும்பலகையில் எழுதுகிறேன். கடன் கொடுத்தவர் யார், வாங்கியவர் யார், நீதிபதி யார், மொழிபெயர்ப்பாளர் யார், எழுத்தில் ஆணை கேட்க யாரால் முடிந்தது என்று மாணவிகளே பிரித்து எழுதுகிறார்கள். ஒருத்தி அந்த விதவையின் சார்பில் தளபதிக்கு ஒரு மனு எழுதிக்கொண்டு வந்தாள். ‘பெறுநர்’ எழுதியிருந்தாள். ‘பொருள்: என் கணவர் கடன் தொடர்பாக’ என்று எழுதியிருந்தாள். ‘அனுப்புநர்’ என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தாள். அந்தக் கோட்டின்மேல் எந்தப் பெயரை எழுதுவது என்று வகுப்பு வெகுநேரம் பேசியது.